காணும்

சின்னண்ணாவின் கலியாணம் முடிந்து நாலாம் சடங்கு. பெரியம்மா வீட்டுக் குசினிக்குப் பின்னால் கல்லு வைத்து அடுப்பு மூட்டி ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. குடல் கறி தனியாக ஒரு தாச்சியில். ஒரு கிழமையாக மரக்கறி சாப்பிட்டு நாக்குச் செத்துப்போயிருந்த சனம் அந்த வாசத்தைச் சுற்றியே திரிந்தது. பந்தி வைத்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்தவன் பெரியம்மாவின் கடைசி மகன். என்னைவிட மூன்று வயது இளமை, கமுகமரம் மாதிரி உடம்பு. இரண்டு பேருக்கும் ஒரே கரண்டியால் ஒரே அளவுதான் விழுந்தது: பிட்டு, இறைச்சி, கொஞ்சம் குடல், மேலே நல்லாய் மிதக்கிற எண்ணெய்.

பெரியம்மா இரண்டாம் தரம் வந்தா. அவன் கையால் இலையை மறைத்து, "காணுமம்மா, இனி ஏலாது" என்றான். அவ்வளவுதான். இடக்கையால் ஃபோனைத் தட்டத் தொடங்கிவிட்டான். கரண்டி என் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறக்க முதல் எதிரில் இருந்த மாமி ஒராள் சொன்னா: "அவளுக்குக் காணும் அக்கா. பாக்கத் தெரியேல்லையே?"

எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன். சிரிக்காவிட்டால், "பகிடிக்குச் சொன்னதுக்கு மூஞ்சையை நீட்டுறாள்" என்று அது இன்னும் ஒரு கிழமைக்கு ஓடும்.

ஆனால் மாமி சொன்னதைவிட அவன் சொன்னதுதான் எனக்குள் நின்றது. காணும். எங்கட பக்கத்தில் 'போதும்' என்பதைவிட இந்தச் சொல்தான் முதலில் வாயில் வரும். அவன் அதை யோசித்துச் சொல்லவில்லை. தும்மல் வருகிற மாதிரி வந்தது. உள்ளே இருந்து ஆரோ சொல்ல, அவன் வாய் அதைத் திருப்பிச் சொன்னது. எனக்கு அப்படி ஒன்று வந்ததாக ஞாபகமே இல்லை. எனக்குரிய 'காணும்' எப்போதும் வெளியில் இருந்துதான் வந்திருக்கிறது: அம்மா, மாமி, கண்ணாடி, கலியாணப் புரோக்கர். வயிறு முட்டி மூச்சு வாங்கும்போது நானும் நிறுத்துவேன்தான். ஆனால் அது இடமில்லாமல் நிறுத்துவது. பெட்டி நிறைந்துவிட்டது என்பதும் சாமான் காணும் என்பதும் ஒன்றா?

நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். சமிபாட்டுத் தொகுதியின் படத்தை எத்தனை தரம் கீறியிருப்பேன் என்று கணக்கில்லை. இரைப்பை, சதையி, பித்தப்பை, சிறுகுடல், பெருங்குடல். பென்சிலால் கோடு இழுத்துப் பெயர் குறித்தால் புள்ளி. அந்தப் படத்தில் குடல் ஒரு குழாய். சாப்பாடு உள்ளே போகும், உடையும், அகத்துறிஞ்சப்படும், மிச்சம் வெளியே போகும். அந்தக் குழாய் கதைக்கும் என்பதை நான் படித்தது பிறகு, என்னுடைய சொந்த ஆத்திரத்தில், இரவு இரவாக இணையத்தில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தான்.

ஓமோன் என்றால் எங்களுக்கு உடனே ஞாபகம் வருவது தைரொயிட்டும் மாதவிடாயும் முகப்பருவும்தான். ஆனால் ஓமோன் என்ற எண்ணமே குடலில் பிறந்தது. 1902 இல் லண்டன் யூனிவர்சிற்றி கொலேஜில் பேலிஸ், ஸ்ராலிங் என்ற இரண்டு பேர் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகிற நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டு, அந்தத் துண்டுக்குள் அமிலம் விட்டுப் பார்த்தார்கள். நரம்புத் தொடர்பே இல்லாத நிலையிலும் சதையி சுரந்தது. அப்படியென்றால் குடல் செய்தியை இரத்தத்தில் அனுப்பியிருக்க வேண்டும். அந்தச் செய்திக்கு செக்கிரட்டின் என்று பெயர் வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1905 இல், இந்த மாதிரிச் செய்திகளுக்குப் பொதுப் பெயராக ஸ்ராலிங் சொன்ன சொல்தான் 'ஓமோன்'.

இனிக் கொழுப்புக்கு வருவோம். பிட்டும் இறைச்சியும் வயிற்றில் இறங்கிக் கடையப்பட்டு, அதில் இருந்து கொழுப்பு கொஞ்சங் கொஞ்சமாகச் சிறுகுடலின் தொடக்கத்துக்கு வருகிறது. சதையியில் இருந்து வரும் இலிப்பேசு என்ற நொதியம் அதை உடைத்துக் கொழுப்பமிலங்களாக்குகிறது. குடல் சுவரில் இருக்கிற சில கலங்கள் இந்தக் கொழுப்பமிலங்களை 'ருசி' பார்க்கின்றன. நாக்கு மாதிரியேதான், ஆனால் எங்களுக்குத் தெரியாமல். பார்த்த உடனே சி.சி.கே. என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற ஓர் ஓமோனை விடுகின்றன. 1928 இல் அதைக் கண்டுபிடித்தவர்களுக்குத் தெரிந்தது அது பித்தப்பையைச் சுருக்கும் என்பது மட்டும்தான். அது வேறொரு வேலையும் செய்கிறது என்பது 1973 இல்தான் தெரிந்தது. எலிகளுக்கு அதை ஊசியால் ஏற்றியபோது அவை குறைவாகச் சாப்பிட்டன. சி.சி.கே. இரைப்பையின் வாசலை இறுக்கி, "கொஞ்சம் பொறு, கீழே சனம் கூடிப்போச்சு" என்கிறது. குடலில் இருந்து மூளைக்கு ஏறுகிற வேகஸ் நரம்புக்கும் அதையே சொல்கிறது.

குடலின் கீழ்ப் பகுதியில் வேறு கலங்கள் இருக்கின்றன. அவை விடுவது பி.வை.வை., ஜி.எல்.பி.-1 என்ற இரண்டு. கொழுப்பு அவ்வளவு தூரம் கீழே வந்துவிட்டால் இவை மேலே உள்ள முழுப் போக்குவரத்தையும் மெதுவாக்கிவிடும். மருத்துவத்தில் இதற்குக் குடல் பிரேக் என்ற மாதிரியான ஒரு பெயரே உண்டு. பசியைப் பார்த்தால், 1999 இல் ஜப்பானில் கண்டுபிடித்த கிரெலின் இரைப்பையில் இருந்து வருகிறது. சாப்பாட்டுக்கு முன் ஏறும், சாப்பிட்டபின் இறங்கும். இவை எல்லாம் ஒரு சாப்பாட்டுக்குள் நடந்து முடிகிற கதை. சி.சி.கே. ஒரு கால் மணித்தியாலத்துக்குள் ஏறத் தொடங்கும். பி.வை.வை. உச்சத்துக்கு வர ஒரு மணித்தியாலமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். பந்தியில் இரண்டாம் கரண்டி வரும் நேரத்துக்குப் பாதிச் செய்தி வழியில்தான் நிற்கும்.

இந்த இடத்தில் தேங்காயைப் பற்றி ஒரு சின்ன விசயம், எனக்குப் பிடித்தது என்பதால் சொல்கிறேன். சி.சி.கே. கலங்கள் எல்லாக் கொழுப்பமிலத்தையும் மதிப்பதில்லை. சங்கிலியில் 12 காபன் அணுவும் அதற்கு மேலும் இருந்தால்தான் அவை வடிவாக விழித்துக்கொள்கின்றன. 10 காபன் என்றால் கண்டுகொள்வதில்லை. தேங்காயெண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லோரிக் அமிலம். அதில் இருப்பது சரியாக 12. எங்கட பால்கறி, சொதி, சம்பல் எல்லாம் அந்த எல்லைக் கோட்டில் வந்து நிற்கின்றன. இதை வைத்து ஆரும் "தேங்காய் குடித்தால் மெலியலாம்" என்று வீடியோ போட்டுவிடாதேயுங்கோ. கொழுப்பு உடையாவிட்டால் செய்தியே இல்லை என்பதும் இதோடு சேர்ந்தது. இலிப்பேசைத் தடுக்கிற ஒலிஸ்ராட் என்ற மெலிவு மருந்தைக் கொடுத்துக் கொழுப்பைச் சாப்பிடவிட்டால் இந்த ஓமோன்கள் எழும்புவது குறைந்துவிடுகிறது. கொழுப்பு உள்ளே போனது குடலுக்குத் தெரியாமலே போகிறது.

இவ்வளவும் கமுகமரத்தின் கதை. என்னைப் போன்ற உடம்புகளில் என்ன நடக்கிறது?

2003 இல் லண்டனில் ஓர் ஆய்வு. மெலிந்தவர்கள் 12 பேர், உடற்பருமன் உள்ளவர்கள் 12 பேர். பி.வை.வை. ஐ நரம்பால் ஏற்றிவிட்டு, இரண்டு மணித்தியாலம் கழித்து, விரும்பியதை விரும்பிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 30 வீதம் குறைவாகச் சாப்பிட்டது. அதாவது செய்தி வந்தால் உடம்பு அதைக் கேட்கிறது, பருத்த உடம்பும் கேட்கிறது. ஆனால் ஊசி இல்லாமல் அவரவர் உடம்பில் இயல்பாக இருந்த பி.வை.வை. ஐ அளந்தபோது பருத்தவர்களிடம் அது குறைவு. சாப்பிட்ட பிறகும் குறைவு. 2006 இல் இன்னொரு ஆய்வு சாப்பாட்டின் அளவைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தது. அதே கலோரிக்குப் பருத்தவர்களின் பி.வை.வை. குறைவாக எழும்பியது. மெலிந்தவருக்கு ஒரு கோப்பையில் வருகிற செய்திக்கு மற்றவர் அதைவிடக் கூடச் சாப்பிட வேண்டியிருக்கிறது. கிரெலின் இன்னும் விசித்திரம். வெறும் வயிற்றில் பார்த்தால் பருத்தவர்களிடம் அது மற்றவர்களைவிடக் குறைவு. இதை மட்டும் வாசித்தால், "அப்ப உங்களுக்குப் பசியே குறைவுதானே, பிறகென்ன?" என்று மாமி கேட்பா. பிரச்சினை, சாப்பிட்ட பிறகு அது இறங்க வேண்டிய மாதிரி இறங்காததுதான். பொதுவாகவே கொழுப்பு கிரெலினை இறக்குவதில் மாவையும் புரதத்தையும்விடச் சோம்பேறி. இரண்டும் சேர்ந்தால் எண்ணெய் மிதக்கிற இறைச்சிக் கறிக்கு முன்னால் நான் எப்படி இருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லா ஆய்வும் ஒரே குரலில் கதைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சி.சி.கே. விசயத்தில் முடிவுகள் ஒன்றுக்கொன்று இடிக்கின்றன. ஆளுக்கு ஆள் வித்தியாசமும் பெரியது. என்னுடைய இரத்தத்தை ஆரும் எடுத்து அளந்ததும் இல்லை. முட்டையா கோழியா என்ற கேள்வியும் இருக்கிறது. 1991 இல் செய்த ஓர் ஆய்வில் சாதாரண ஆட்களுக்கு இரண்டு கிழமை கொழுப்புச் சாப்பாடு கொடுத்தார்கள். அதன் பிறகு கொழுப்புச் சாப்பாடு அவர்களின் இரைப்பையில் இருந்து முன்னையதைவிட வேகமாக இறங்கியது. இரண்டு கிழமைதான்! குடல் பழகிப்போகிறது. பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற சத்தம் எங்களுக்குப் பழகிப்போகிற மாதிரி. ஆகவே எல்லாம் பிறப்பு, நான் அப்பாவி என்று நான் தப்பப் பார்க்கவில்லை. வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த அறைக்குக் கீழேயே கொத்து ரொட்டிக் கடை. மூன்று வருடம் இரவில் அந்தத் தகரச் சத்தம்தான் எனக்குத் தாலாட்டு.

என்னை உண்மையில் உலுக்கியது 2023 இல் நெதர்லாந்தில் இருந்து வந்த ஒன்று. மூக்கால் ரியூப் விட்டு நேரே இரைப்பைக்குள் கொழுப்பை விட்டிருக்கிறார்கள். வாயில் படவில்லை. ருசி இல்லை, மணம் இல்லை, மாமி இல்லை. மெலிந்த 30 பேர், பருத்த 30 பேர். விட்டுவிட்டு மூளையை ஸ்கான் பண்ணிப் பார்த்தார்கள். மெலிந்தவர்களின் மூளையில், ஆசையோடும் பலனோடும் சம்பந்தப்பட்ட ஆழமான பகுதியில், செயற்பாடு மாறியது. சாப்பாடு வந்து சேர்ந்துவிட்டது என்று மூளை குறித்துக்கொண்டது. பருத்தவர்களில் அந்த மாற்றம் இல்லை. பிறகு அவர்களை 12 கிழமை டயற்றில் விட்டு, உடல் எடையில் 10 வீதமாவது குறைந்த பிறகு திருப்பிப் பார்த்தார்கள். அப்போதும் வரவில்லை.

நான் இதை வாசித்தது ஒரு ராத்திரி ஒரு மணிக்கு. மேசையில் பாதி தின்ற முட்டை ரோல்ஸ். வாசித்து முடித்து, அந்த ரோல்ஸைப் பார்த்துக்கொண்டு, எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அழுகை ஒன்றும் வரவில்லை. வீட்டில் வருசக்கணக்காக மணி வேலை செய்யாமல் இருந்து, வாசலில் நின்று கூப்பிட்ட ஒருத்தருக்கும் கதவு திறக்காததற்கு உன்னைத் திமிர் பிடித்தவள் என்று ஊர் சொல்லி, கடைசியில் ஆரோ ஒராள் மணியின் வயரைத் தூக்கிக் காட்டினால் எப்படியிருக்கும்?

ஏனென்றால் நான் மெலிந்து பார்த்தவள். 2021 இல் 94 கிலோவில் தொடங்கி ஏழு மாதத்தில் 79 க்கு வந்தேன். சோறு அளந்து, பால் இல்லாத ரீ, காலி வீதியில் விடிய எழும்பி நடை. வீட்டில் விழா மாதிரி. அம்மா என் பழைய சட்டைகளைப் பிடித்துத் தைத்தா. இதே மாமி ஃபோன் எடுத்து, "இப்பத்தான் பிள்ளை மாதிரி இருக்கிறாய்" என்றா. அதற்கு முதல் என்ன மாதிரி இருந்தேன் என்று நான் கேட்கவில்லை. ஆனால் எடை இறங்க இறங்க எனக்குள் ஒன்று ஏறிக்கொண்டே வந்தது. நான் அதுவரை பசி என்று நினைத்துக்கொண்டிருந்தது பசியே இல்லை. இது வேறு. ஒஃபிஸில் கணக்குப் பார்க்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, கனவில்கூடச் சாப்பாடு. ஒரு கலியாண வீட்டில் பக்கத்து இலையில் மிச்சம் இருந்த வடையைப் பார்த்துக்கொண்டே முழு நேரமும் இருந்திருக்கிறேன். 2022 இல் நாடு காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றபோது சமைக்க வழியில்லாமல் கிடைத்ததைத் தின்றோம். அந்த வருடம் முடிய 96. போன 15 கிலோ ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

அந்த நேரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். எந்தக் கிளினிக் என்பது முக்கியமில்லை. டொக்டர் பழைய கார்டைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "வாயைக் கட்ட ஏலாட்டி ஏன் இங்க வந்து என்ர நேரத்தை வீணாக்கிறீர்?" வெளியில் வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற குரல். நான் "சொறி டொக்டர்" என்றேன். ஏன் மன்னிப்புக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. கேட்டுவிட்டு, பஸ் ஏறாமல், நேரே ஒரு கடைக்குப் போய் இரண்டு பற்றிஸ் வாங்கித் தின்றேன். அது உண்மை.

அவர் வாசித்திருக்க வேண்டியது 2011 இல் வந்தது. மெல்பேர்னில் 50 பேரைப் பத்துக் கிழமை கடும் குறைந்த கலோரி உணவில் விட்டு மெலிய வைத்தார்கள். சராசரியாகப் 13.5 கிலோ. பிறகு ஒரு வருடம் பொறுத்திருந்து, காலைச் சாப்பாடு கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் இரத்தத்தில் ஓமோன்களை அளந்தார்கள். காணும் என்று சொல்கிற சி.சி.கே.யும் பி.வை.வை.யும் தொடங்கும்போது இருந்ததைவிடக் குறைவாகவே இருந்தன. பசி சொல்கிற கிரெலின் கூட. பசிக்கிறதா என்று கேட்டால் ஆட்களும் ஓம் என்றார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகும்! அதற்குள் இழந்த எடையில் கொஞ்சம் திரும்பியும் இருந்தது. உடம்பு மெலிவைச் சுகமாக எடுப்பதில்லை, பஞ்சமாக எடுக்கிறது. பஞ்சத்தில் 'காணும்' சொல்லும் வாய்களை மூடிவைப்பதுதானே புத்தி.

பஞ்சம் என்றால் அம்மாவைச் சொல்லாமல் போக ஏலாது. 1995 ஐப்பசியில் வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் பாலம் தாண்டி நடந்தபோது அம்மாவின் இடுப்பில் இரண்டு வயது அக்கா. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பம். ஒரு பார்சல் சோற்றை எத்தனை பேருக்குப் பிரித்தோம் என்று அம்மா இப்பவும் விரல் விட்டு எண்ணுவா. எண்ணி முடித்து ஒரே ஒரு சொல் சொல்லுவா: "காணாது." நான் அதற்கு இரண்டு வருடம் பிந்திப் பிறந்தவள். அம்மாவுக்கு என் இலை வெறுமையாக இருக்கக் கூடாது. ஒரு கையால் கறி போட்டுக்கொண்டே மறு கையால், "குறை பிள்ளை, ஆர் உன்னைக் கட்டுவான்" என்பா. இரண்டும் அன்புதான். அவவோடு எனக்குக் கோவம் இல்லை. சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை.

ரொறன்ரோவில் என் மச்சாள் ஒருத்தி இருக்கிறாள், மாமாவின் மூத்தவள். என்னைவிட 10 கிலோ கூட இருந்தாள். போன வருடம் கிழமைக்கு ஒருக்கால் போடுகிற அந்த ஊசியைத் தொடங்கினாள். செமாகுளுட்டைட். மூன்றாம் மாதம் எனக்கு ஃபோன். "எடியே, என்னெண்டு சொல்லுறது... திருவிழா முடிஞ்சு கோயில் ஸ்பீக்கரைக் கழட்டின மாதிரி இருக்குதடி. இவ்வளவு நாளும் அது கத்திக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியேல்ல." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "மற்ற ஆக்கள் எல்லாம் இப்பிடியோடி இருக்கிறவை?" என்று கேட்டாள். அவள் குரல் உடைந்திருந்தது. ஒரு பேர்கரைப் பாதியில் வைத்ததைச் சொல்லத்தான் எடுத்திருந்தாள். பாதியில் வைத்தது, எங்கள் இரண்டு பேரின் வாழ்க்கையிலும் முதல் தரம்.

அந்த ஊசி வேறொன்றும் இல்லை, குடல் தானே செய்கிற ஜி.எல்.பி.-1 இன் நகல். எங்கள் உடம்பில் ஊறுகிறது இரண்டு நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும். நகல் பாதியாக ஒரு கிழமை எடுக்கும். இந்த வகை மருந்துகளின் மூத்தது, அமெரிக்கப் பாலைவனத்தில் வாழ்கிற கீலா என்ற நச்சுப் பல்லியில் 1990 களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த ஒரு பொருளில் இருந்து வந்தது. (பல்லி விழுந்த பலன் என்று இதைத்தான் சொல்லவேண்டும்.) செமாகுளுட்டைட்டின் பெரிய ஆய்வில் 68 கிழமையில் சராசரியாக 15 வீதம் அளவுக்கு எடை இறங்கியது, வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4 வீதம். மருந்தை நிறுத்தி ஒரு வருடத்தில் இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ஸ்பீக்கரைத் திருப்பிப் பூட்டிவிடுகிறார்கள். மச்சாளுக்கு அதுதான் பயம். வேலை போனால் காப்புறுதி போகும், காப்புறுதி போனால் ஊசி போகும். எனக்கோ அந்த ஊசி என் சம்பளத்துக்குக் கனவு. பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. அவள் மெலிந்த படங்களைப் பார்த்து வந்த பொறாமை கொஞ்சம்தான். அந்த அமைதியைத்தான் எனக்கு வேணும்.

எனக்கு ஆத்திரம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. இவ்வளவு காலமும் மனக்கட்டுப்பாடு, மனக்கட்டுப்பாடு என்று எங்களுக்குச் சொன்னார்களே, அந்த ஊசி மச்சாளின் குணத்தை மாற்றவில்லை. அவள் பழைய சோம்பேறிதான், ஃபோனைத் திருப்பி எடுக்க இரண்டு நாள் எடுக்கிறவள்தான். ஒரு ஓமோனின் நகல் உள்ளே போனது, பேர்கர் பாதியில் நின்றது. அப்படியென்றால் கமுகமரம் இலையை மறைத்தது அவனுடைய ஒழுக்கமா? அவன் ஒரு நாளும் கஷ்டப்பட்டதில்லை. வயரில் கரண்ட் இருந்தது, மணி அடித்தது, கதவைத் திறந்தான். அதற்கு அவனை ஆரும் பாராட்டத் தேவையில்லை, என்னைத் திட்டவும் தேவையில்லை.

எடை குறைக்கும் சத்திரசிகிச்சையைப் பற்றியும் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள், வயிற்றைச் சின்னதாக்கிவிட்டால் தின்ன இடமிருக்காது என்று. இரைப்பையைச் சுற்றிக் குடலை மாற்றித் தைக்கிற அந்தச் சிகிச்சைக்குப் பிறகு பி.வை.வை.யும் ஜி.எல்.பி.-1 உம் சாப்பாட்டுக்குப் பின் நன்றாக எழும்பத் தொடங்கிவிடுகின்றன. சாப்பாடு கீழ்க் குடலுக்குச் சுருக்காகப் போய்ச் சேருகிறது, அங்கே உள்ள கலங்கள் விழித்துக்கொள்கின்றன. இடம் குறைந்ததோடு செய்தியும் கூடுகிறது.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதனால் வருடத்துக்கு ஒருக்கால் இரத்தம் பார்க்கிறேன். நடக்கிறேன். கறிக்கு எண்ணெய் விடும்போது அளந்து விடுகிறேன். குடல் பழகுமென்றால் மற்றப் பக்கமாகவும் கொஞ்சம் பழகும்தானே என்று ஒரு நம்பிக்கை. முதல் கோப்பை முடிந்ததும் எழும்பி, வேறு ஏதாவது வேலை பார்த்துவிட்டு, இருபது நிமிடம் கழித்து வருகிறேன். சில நாள் திருப்பிச் சாப்பிடுகிறேன், சில நாள் மறந்துபோகிறேன். மறந்துபோன நாட்களை கலண்டரில் சின்னதாகப் புள்ளி வைக்கிறேன். இந்த மாதம் இதுவரை நாலு புள்ளி.

நாலாம் சடங்குக்கு அடுத்த நாள் பின்னேரம் அம்மா வீட்டில் பருப்பு வடை சுட்டா. அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. என் சாயல், என் கன்னம், என் கை. மூன்றாவது வடைக்குக் கை நீட்டினாள். அம்மா தட்டை இழுத்தா. "காணும்! உவளும் சித்தி மாதிரி வரப்போறாள்." பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. அது என்னைப் பார்த்தது. நான் எந்தப் பந்தியில் சிரித்தேனோ அதே சிரிப்பு அதன் வாயில் வரத் தொடங்கியது.

"அம்மா, தட்டை வையுங்கோ" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. அம்மா வைத்துவிட்டு, "ஏன், நான் என்ன பிழையாச் சொல்லிப்போட்டன்" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனா.

நான் பிள்ளையைக் கேட்டேன். "உனக்குக் காணுமோ, காணாதோ? வயித்திட்டக் கேட்டுச் சொல்லு."

அவள் இதைப் பெரிய வேலையாக எடுத்துக்கொண்டாள். வயிற்றில் கையை வைத்து, கண்ணை மூடி, தலையைச் சரித்துக் கேட்டாள். "பொறுங்கோ சித்தி. அது இன்னும் சொல்லேல்ல."

பொறுத்தோம். அவள் பள்ளிக்கூடத்தில் ஆரோ ஆருடையதோ ரப்பரைக் களவெடுத்த கதையைச் சொன்னாள். நீளமான கதை. நடுவில் மதிலில் பூனை ஒன்று ஏறியது. அவள் ஒரு வடையை எடுத்துப் பாதியைக் கடித்து, மற்றப் பாதியைத் தட்டில் போட்டுவிட்டு, பூனைக்குப் பின்னால் ஓடிவிட்டாள்.

அந்தப் பாதி வடையை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்துத் தின்றேன்.